மக்கள் எழுச்சிகளிலிருந்து கொள்கை நிர்வாகிகள் கற்கக்கூடியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் மக்கள் எழுச்சி என்ற தலைப்பை எடுத்தால், அமர்வு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும், பதில் சொல்லச் சங்கடமானவை பின்னாலும் வருகின்றன.

எழுச்சி என்பது அரசியல்வாதிகளின் தலைவலி. கோப்பு பார்க்கும் எங்களுக்கு அதில் என்ன பாடம் இருக்கப் போகிறது?

ஆட்சி கவிழ்வது அரசியல் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு துறையின் சாதாரண உத்தரவு தட்டுப்படும். 1990-இல் பிரிட்டனில் அது உள்ளாட்சி வரி. 2019-இல் சிலியில் மெட்ரோ ரயில் கட்டணம். 2022-இல் கஜகஸ்தானில் எரிவாயு விலை. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குறிப்பெழுதி, இன்னொருவர் சரிபார்த்து, மற்றொருவர் ஒப்புதல் அளித்த கோப்புகள்.

எழுச்சியை நான் ஒரு தகவலாகப் பார்க்கிறேன். மனு, கள ஆய்வு, குறைதீர் கூட்டம், உள்ளாட்சிப் பிரதிநிதி, பத்திரிகை என்று நிர்வாகத்துக்குச் செய்தி வந்து சேர வேண்டிய வழிகள் அனைத்தும் அடைபட்ட பிறகு, அதே செய்தி தெரு வழியாக, தாமதமாகவும் உயிர்ச்சேதத்தோடும் வந்து சேர்கிறது. அந்த வழிகளைப் பராமரிப்பது நிர்வாகியின் பொறுப்பு என்பதால் பாடமும் முதலில் அவருக்குத்தான்.

வழக்கமான போராட்டத்துக்கும் எழுச்சிக்கும் என்ன வித்தியாசம்? எங்கே கோடு போடுவது?

போராட்டத்தில் பாதிக்கப்பட்ட ஒரு தரப்பு தன் கோரிக்கையை முன்வைக்கிறது; அது நிறைவேறினால் வீடு திரும்புகிறது. பாதிக்கப்படாதவர்களும் வந்து சேரத் தொடங்கும்போது அது எழுச்சியாகிறது. சிலியில் கட்டணம் செலுத்தாமல் மெட்ரோ நுழைவாயில்களைத் தாண்டிக் குதித்துப் போராட்டத்தைத் தொடங்கிவைத்தவர்கள் பள்ளி மாணவர்கள். அந்த உயர்வு மாணவர் கட்டணத்தைத் தொடவே இல்லை. இந்த ஒரு விவரத்தைக் கவனித்திருந்தால், பிரச்சினை கட்டணத்தோடு நிற்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்திருக்கும்.

சிலியில் வெறும் முப்பது பெசோ கட்டண உயர்வுக்காக ஒரு நாடே கொந்தளிக்குமா? காரணம் வேறு ஏதோ இருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது, அதைப் போராட்டக்காரர்களே முழக்கமாகச் சொன்னார்கள்: "முப்பது பெசோ அல்ல, முப்பது ஆண்டுகள்", அதாவது முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த குறைகள். சாந்தியாகோவில் நெரிசல் நேர மெட்ரோ கட்டணம் 2019 அக்டோபர் 6 அன்று 800 பெசோவிலிருந்து 830 பெசோவானது. நிபுணர் குழு ஒன்று எரிபொருள் விலை, டாலர் மதிப்பு போன்றவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணக்கிட்ட உயர்வு அது. கணக்கில் பிழை இருந்ததாக எவரும் பெரிதாக வாதிடவில்லை. ஆனால் குறைந்த ஓய்வூதியம், வசதிக்கேற்பப் பிரிந்து கிடந்த மருத்துவமும் கல்வியும், கடன் சுமை ஆகியவற்றின் மேல் அந்த முப்பது பெசோ வந்து அமர்ந்தது. ஒரு துறையின் கணக்கில் ஓர் உயர்வு. குடும்பத்தின் கணக்கில் அது பத்தோடு பதினொன்று.

அக்டோபர் 18 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் அதிபர் பினியேரா, நாடு ஒரு வலிமையான எதிரியுடன் போரில் இருப்பதாகப் பேசினார். 25-ஆம் தேதி தலைநகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அந்தச் சூத்திரத்தைத் தயாரித்தவர்களைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் சரியாகவே விடையளித்தார்கள். பல துறைகளின் உயர்வுகள் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து விழுகின்றன என்ற கேள்வியைக் கேட்கும் இருக்கைதான் அங்கே இல்லை. பெரும்பாலான அரசுகளில் இன்றும் இல்லை.

பொருளாதாரம் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது எழுச்சி வருமா? வறுமைதானே காரணமாக இருக்க வேண்டும்?

வளர்ச்சி எழுச்சியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. உலகப் பொருளாதார மன்றத்தின் 2010-11 போட்டித்திறன் பட்டியலில் ஆப்பிரிக்க நாடுகளிலேயே முதலிடம் துனிசியாவுக்கு. 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். சிலியிலும் கொந்தளிப்புக்குச் சில நாள்கள் முன்புதான் அதிபர் பினியேரா தன் நாட்டை லத்தீன் அமெரிக்காவின் பாலைவனச் சோலை என்று வர்ணித்திருந்தார்.

சராசரி எண், யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைத்துவிடுகிறது. துனிசியாவில் கடலோர நகரங்கள் வளர்ந்தன. சிடி பூசித் போன்ற உட்பகுதிகள் பின்தங்கின. பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலையின்றித் திரிந்தார்கள். மாவட்ட வாரியாகவும் வயது வாரியாகவும் பிரித்துப் பார்க்காத எந்த அறிக்கையும் இந்த வகையில் ஆபத்தானதே.

எங்கள் துறைக்கு வரும் மனுக்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

இரண்டு பொருள்கள் உண்டு: குறை தீர்ந்திருக்கலாம், அல்லது மனு கொடுத்துப் பயனில்லை என்று மக்கள் முடிவுசெய்திருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய வேண்டுமானால், முடித்துவைக்கப்பட்ட மனுக்களில் சிலவற்றை எடுத்து, மனுதாரரிடமே நேரில் போய், "உங்கள் வேலை நடந்ததா?" என்று கேட்க வேண்டும். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்ற வரியோடு மூடப்பட்ட மனுக்கள் எத்தனை என்று எண்ணுவது இன்னும் எளிது. அது முகத்தில் அறையும் கணக்கு.

2010 டிசம்பர் 17 அன்று சிடி பூசித்தில் மொஹமத் பூஅசிசி என்ற தள்ளுவண்டிப் பழ வியாபாரியின் தராசும் சரக்கும் பறிமுதல் செய்யப்பட்டன. அவர் முறையிட ஆளுநர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவரைச் சந்திக்க எவரும் முன்வரவில்லை. அந்தக் கட்டடத்தின் முன்பே அவர் தீக்குளித்தார். அந்நாட்டு எழுச்சியின் தொடக்கமாக எல்லோரும் சொல்வது தீயைத்தான். நிர்வாகி பார்க்க வேண்டியது அதற்கு முன் அவர் தட்டிய கதவை.

மேலும், அச்சம் நிலவும் இடத்தில் மக்கள் கருத்துக்கணிப்பிலும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் அதிருப்தியில் இருப்பதாக எண்ணி வாய்மூடியிருப்பார்கள். முதல் நூறு பேர் தெருவுக்கு வந்ததும், "நம்மைப் போல் இத்தனை பேரா" என்று மற்றவர்களும் இறங்குகிறார்கள். எழுச்சிகள் பெரும்பாலும் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்துவது இதனால்தான்.

அப்படியானால் மானியத்தைக் குறைக்கவோ விலையை ஏற்றவோ கூடவே கூடாது என்கிறீர்களா?

இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில்தான் பெரும்பாலானவை தவறிப்போகின்றன. இதற்கு ஈரானைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒரே நாடு, ஒரே பொருள், இரண்டு விதமான அணுகுமுறை. 2010 டிசம்பரில் அங்கே எரிபொருள் மானியம் பெருமளவு குறைக்கப்பட்டது. பங்கீட்டுப் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1,000 ரியாலிலிருந்து 4,000 ரியாலானது. ஆனால் அதற்கு முன்பே குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு திறக்கப்பட்டு, ஈட்டுத்தொகை அதில் செலுத்தப்பட்டிருந்தது. பணம் கணக்கில் இருப்பது தெரியும். விலை உயரும் நாளில்தான் எடுக்க முடியும். நாடு பெரும்பாலும் அமைதியாக இருந்தது. அன்றைய காவல் கெடுபிடியையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும் என்றாலும், கையில் பணம் வந்த பிறகு விலை ஏறியது என்பதே முக்கிய வேறுபாடு.

2019 நவம்பரில் அதே நாட்டில் நள்ளிரவில் விலை உயர்வு அறிவிக்கப்பட்டது. ஈட்டுத்தொகை அதன் பின்னரே கைக்கு வந்தது. சில மணி நேரத்தில் பல நகரங்களில் கலவரம் வெடித்தது. ஒடுக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

நைஜீரியாவில் 2012 ஜனவரி 1 அன்று மானியம் திடீரென நீக்கப்பட, 65 நைராவாக இருந்த பெட்ரோல் இருமடங்கைத் தாண்டியது. ஊர் திரும்ப வேண்டிய புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் வழியிலேயே சிக்கிக்கொண்டது. பொதுவேலைநிறுத்தத்துக்குப் பின், ஜனவரி 16 அன்று விலை 97 நைராவாக இறக்கப்பட்டது. கஜகஸ்தானில் 2022-ஆம் ஆண்டின் முதல் நாளில் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும், முதல் கூட்டம் சனவொசெனில் கூடியது. அது எண்ணெய் வளம் கொழிக்கும் பகுதியிலுள்ள ஊர்; 2011-இல் வேலைநிறுத்தம் செய்த எண்ணெய்த் தொழிலாளர்கள் சுடப்பட்டதும் அங்கேதான். சில ஊர்களுக்கு நீண்ட நினைவு உண்டு. விலை மாற்றத்துக்கான நாளைக் குறிப்பவர் அந்த ஊர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் திட்டம் நல்லதுதான், மக்களுக்குத்தான் புரியவில்லை. விளம்பரத்தைக் கூட்டினால் போதாதா?

நான் மிக அடிக்கடி கேட்கும் வாதம் இது. பெரும்பாலும் தவறாக முடிவதும் இதுவே. பிரான்சில் 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் மேலங்கியோடு சாலைச் சந்திப்புகளை மறித்தவர்களுக்குக் காலநிலை மாற்றம் புரியாமல் இல்லை. பேருந்து வராத ஊர்களில் வாழ்ந்து, வேலைக்குக் காரிலேயே போக வேண்டியிருந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டில்தான் பெருஞ்செல்வர் மீதான சொத்து வரி சுருக்கப்பட்டிருந்தது. டீசலுக்கு லிட்டருக்கு ஆறரை சென்ட் கூடுதல் வரி ஏன் என்பதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். யார் கொடுக்கிறார்கள், யார் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். திட்டமிட்ட வரி உயர்வு டிசம்பரில் கைவிடப்பட்டது.

பிரிட்டனில் வீட்டு மதிப்புக்கு ஏற்ற வரியை நீக்கி, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தலைக்கு ஒரே தொகை என்று மாற்றியபோதும் இதுவே நடந்தது. அது ஸ்காட்லாந்தில் 1989-இலேயே, ஓராண்டு முன்னதாக, நடைமுறைக்கு வந்தது. பெருந்திரளானோர் செலுத்த மறுத்தார்கள். கையில் கிடைத்த அந்த ஓராண்டுச் சான்றைப் படிக்காமல் 1990-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் விரிவுபடுத்தினார்கள். மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கம் கலவரக் களமானது. நவம்பரில் பிரதமர் தாட்சர் பதவி விலகினார்.

இந்தியாவின் மூன்று வேளாண் சட்டங்கள் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றின் பொருளாதார நியாயத்தில் அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் இருந்தன. நான் அதற்குள் போகவில்லை. 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்து, செப்டம்பரில் நிறைவேறி, 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. இடையில், 2021 ஜனவரியில், சட்டங்களை ஒன்றரை ஆண்டு நிறுத்திவைத்துப் பேசலாம் என்று அரசு முன்வந்தது. விவசாயச் சங்கங்கள் மறுத்துவிட்டன. அதே ஒன்றரை ஆண்டைச் சட்டத்துக்கு முன்பே கலந்தாய்வுக்கு ஒதுக்கியிருந்தால், அது சலுகையாக அல்லாமல் முறையாக இருந்திருக்கும்.

விட்டுக்கொடுத்தால் பலவீனம் என்று ஆகிவிடாதா? இன்று ஒன்று கொடுத்தால் நாளை பத்து கேட்பார்கள்.

கேட்பார்கள். ஆனால் கேட்பது பெருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தாமதம். ஹாங்காங்கில் 2019 ஜூன் 9 அன்று பெரும் பேரணி நடந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் மசோதாவைத் திரும்பப் பெறுவதே மையக் கோரிக்கை. 15-ஆம் தேதி அது "நிறுத்திவைக்கப்படுகிறது" என்றார்கள். முற்றிலும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது செப்டம்பர் 4 அன்று. அதற்குள் காவல்துறை மீது தனி விசாரணை உள்பட ஐந்து கோரிக்கைகளாகியிருந்தன. அந்த அறிவிப்பால் எவரும் வீடு திரும்பவில்லை. அரசு வேலைகளில் இடஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரி மாணவர்கள் போராடிய வங்கதேசத்தில், 2024 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் 93 சதவீத அரசு வேலைகள் தகுதி அடிப்படையில் என்று தீர்ப்பளித்தது, மாணவர்கள் கேட்டதற்கு மிக நெருக்கமானது. ஆனால் அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். கோரிக்கை இடஒதுக்கீட்டைத் தாண்டிச் சாவுகளுக்கு நீதி என்றாகி, ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறுவதில் முடிந்தது.

எனவே முதல் சாவுக்கு முன் கொடுப்பது ஒரு விலை, பின் கொடுப்பது வேறு விலை. பின்வாங்கும் வழியைக் கோப்பிலேயே, உத்தரவுக்கு முன்பே, எழுதிவைப்பது நடைமுறை யோசனை: எந்த அறிகுறி தெரிந்தால், யாருடைய அதிகாரத்தில், எத்தனை நாளில் நிறுத்திவைப்பது என்று. நெருக்கடியின் நடுவில் இதை யோசிக்கத் தொடங்கினால் மானப் பிரச்சினை குறுக்கே வந்துவிடும்.

ஓர் அமைச்சர் வாய்தவறிச் சொன்ன வார்த்தைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா?

தேவை. சிலியின் பொருளாதார அமைச்சர், நெரிசல் நேரத்துக்கு முன் கட்டணம் குறைவு என்பதால் சீக்கிரம் எழுபவர்களுக்கு நன்மை என்றார். தகவல் சரியானதுதான். விடியும் முன்பே எழுந்து நகரத்தின் மறுகோடிக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் அது சொல்லப்பட்டது. ஊடகக் குறிப்பைத் தயாரிப்பவர், அதைக் கேட்கப்போகும் மிக நலிந்த வாசகரை மனத்தில் நிறுத்திப் படித்துப் பார்த்தால் பாதி விபத்துகள் தவிரும்.

தலைவரே இல்லாத கூட்டம் இது. யாரைக் கூப்பிட்டுப் பேசுவது?

பிரதிநிதி இல்லாத கூட்டத்திலிருந்து அவசரமாக ஒரு பிரதிநிதியை உருவாக்க முயன்றால், அவரையே கூட்டம் துரோகி என்று ஒதுக்கும். மஞ்சள் மேலங்கியினரில் அரசைச் சந்திக்க முன்வந்த சிலருக்குச் சக போராட்டக்காரர்களிடமிருந்தே மிரட்டல்கள் வந்தன. அங்கே பயன்பட்ட வழி, பேச்சைப் பரவலாக்குவது: ஊர்மன்றங்களில் குறைகளை எழுதக் குறிப்பேடுகள் வைக்கப்பட்டன, 2019 ஜனவரி முதல் மார்ச் வரை நாடு தழுவிய விவாதக் கூட்டங்கள் நடந்தன, பின்னர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 150 குடிமக்களின் காலநிலை மன்றம் அமைந்தது.

இதில் ஒரு கசப்பான பின்கதை உண்டு. ஊர்மன்றங்களில் மக்கள் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் பல ஆண்டுகள் ஆவணக் காப்பகங்களில் கிடந்தன. அவற்றை எல்லோரும் எளிதில் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலம் தொடர்ந்தது. கேட்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, கேட்டதை என்ன செய்தோம் என்று சொல்லாமல் விடுவது, மேலே மனுக்களைப் பற்றிச் சொன்ன அதே நோயின் பெரிய வடிவம்.

இணையத்தை முடக்கினால் வதந்தியும் கூட்டமும் அடங்காதா?

எகிப்தில் 2011 ஜனவரி 27 நள்ளிரவையொட்டி இணையம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை கூட்டம் இன்னும் பெருகியது. திரையில் செய்தி கிடைக்காதபோது, என்ன நடக்கிறதென்று பார்க்க மனிதர்கள் வெளியே வருகிறார்கள். பிள்ளைகளைத் தேடிப் பெற்றோரும் வருகிறார்கள். நிர்வாகத்துக்கும் இழப்பு உண்டு: மருத்துவமனை, வங்கி, களப் பணியாளர் எவருடனும் தொடர்பில்லாமல், ஏற்கெனவே மங்கிய பார்வை முழுக்க இருண்டுவிடுகிறது.

பின்னால் எதிர்க்கட்சியோ வெளிநாட்டுச் சக்தியோ இருந்தால்?

இருக்கலாம், பெரிய கூட்டத்தில் குளிர்காய வருபவர்கள் எப்போதும் உண்டு. அதை விசாரிக்க வேறு துறைகள் இருக்கின்றன. சதிக்காரர் தூண்டியதும் இத்தனை பேர் ஏன் செவிசாய்த்தார்கள் என்பதுதான் கொள்கை நிர்வாகியின் கேள்வி.

தெருவில் இறங்கியவர்கள் கேட்பதே மக்கள் அனைவரும் கேட்பது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சிலியே இதற்கும் சான்று. எழுச்சியின் விளைவாக 2020 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 78 சதவீதம் பேர் புதிய அரசியலமைப்பு வேண்டும் என்றார்கள். எழுதி முடித்த வரைவை 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். வேறொரு குழு எழுதிய இரண்டாம் வரைவையும் 2023 டிசம்பரில் நிராகரித்தார்கள். எது வேண்டாம் என்பதில் ஒன்றுபட்ட கூட்டம், எது வேண்டும் என்பதிலும் ஒன்றுபடும் என்ற உறுதி கிடையாது.

எழுச்சி, நோய் இருக்கும் இடத்தைக் காட்டும். மருந்துச் சீட்டை எழுதித் தராது. தெருவுக்கு வர முடியாதவர்களின் நலனையும் நிர்வாகி கணக்கில் கொண்டாக வேண்டும்: முதியோர், நோயாளிகள், தொலைவில் வசிப்பவர்கள், கூட்டத்தின் கோபத்துக்கே இலக்காகக்கூடிய சிறுபான்மையினர். உரத்த குரலுக்காக அவர்களுக்கான பாதுகாப்பை விலையாகக் கொடுப்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது.

எல்லாம் தெரிந்தும் மேலிடம் கேட்காவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

இதற்கு நிறைவான பதில் என்னிடம் இல்லை. இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டபோது வேளாண் அறிஞர்கள் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். தடை நடைமுறைக்கு வந்தது. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2019-இன் பெரும் வரிக்குறைப்பு, கடன், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தே 2022 ஜூலை 9 அன்று மக்களை அதிபர் மாளிகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

கீழ்மட்ட அதிகாரியால் அத்தகைய முடிவைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் எதிர்ப்பை எப்படி எழுதுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. "மக்களிடையே அதிருப்தி ஏற்படக்கூடும்" என்ற வழவழப்பான வரியை எந்த அமைச்சரும் நின்று படிப்பதில்லை. எந்த மாவட்டத்தில், எந்தப் பயிருக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு குறையும் என்று எழுதினால் கடந்துபோவது கடினம். ஒரேயடியாகச் செய்வதற்குப் பதில் ஒரு பருவம், ஒரு பகுதி என்று தொடங்கும் மாற்று முன்மொழிவையும் அதே கோப்பில் இணைக்க வேண்டும். மேலிடம் மறுப்பை வெறுக்கும், மாற்று வழியைச் சில வேளை ஏற்கும். திரும்பப் பெறுவதற்கு ஆகும் செலவையும் குறிப்பிட வேண்டும். இலங்கையில் தடை விலக்கப்பட்ட நேரத்தில் உலகச் சந்தையில் உரத்தின் விலை ஏறியிருந்தது. வாங்குவதற்கு டாலரும் கையில் இல்லை.